இரண்டு புரதங்கள் ஒட்டுமா: கணினியில் கணிக்கப் பழகுவோருக்கு ஒரு செய்முறை

மனித மரபணுத் தொகுதியில் புரதம் செய்யச் சொல்லும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000. ஜீனுக்கு ஒரு புரதம் என்று குறைத்தே கணக்கு வைத்தாலும், எது எதோடு சேரும் என்று பார்க்க வேண்டிய ஜோடிகள் 20 கோடி. இத்தனையையும் சோதனைக் குழாயில் பார்த்து முடிக்க எந்த ஆய்வுக்கூடத்தாலும் ஆகாது. எதை முதலில் பார்ப்பது என்று சொல்லத்தான் கணினி.

உயிரியல் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்கும், நிரல் எழுதத் தெரிந்து உயிரியல் பக்கம் வருபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு பிரவுசர், ஒரு கூகுள் கணக்கு, இரண்டு மாலைப் பொழுதுகள் போதும். ஒரே ஒரு ஜோடியை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை போவோம். அந்த ஜோடி பி53, எம்டிஎம்2.

ஏன் இவை? விடை ஏற்கெனவே தெரியும் என்பதால். பி53 செல்லில் டிஎன்ஏ சேதமாகும்போது விழித்துக்கொண்டு செல் பிரிவதை நிறுத்தும் புரதம்; மனிதப் புற்றுநோய்களில் அதிகம் பழுதாகிக் கிடப்பது இதன் ஜீன்தான். எம்டிஎம்2 அதைப் பிடித்து, யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டி, அழிவுக்கு அனுப்பும் புரதம். இரண்டும் ஒட்டுகின்றன என்று 1992இல் காட்டினார்கள். எப்படி ஒட்டுகின்றன என்பதை 1996இல் எக்ஸ்ரே படிகமுறையில் அணு அணுவாகப் படம் பிடித்தார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விடை தெரியாத ஜோடியில்தான் நேராகக் கை வைக்கிறார்கள். கருவி சொல்வது சரியா தப்பா என்று பார்க்க அங்கே ஒன்றுமே இருக்காது. விடை தெரிந்த கணக்கில் கருவியைப் பழகுங்கள். பிறகு உங்கள் சொந்த ஜோடிக்குப் போங்கள்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

"இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா" என்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. நேரடியாகத் தொட்டு ஒட்டுகின்றனவா என்பது ஒன்று. ஒரே வேலையில் பங்கெடுக்கின்றனவா என்பது இன்னொன்று. கல்யாண வீட்டில் சமையல்காரரும் நாதஸ்வரக்காரரும் ஒரே விசேஷத்துக்குத்தான் உழைக்கிறார்கள். ஒருவர் கையை மற்றவர் பிடிப்பதில்லை.

பி53க்கே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பி53 விழித்ததும் பி21 என்ற புரதத்தின் ஜீனை முடுக்கிவிடும். செல் பிரிவதை நிறுத்துவதில் பி21க்குப் பெரிய பங்கு. ஆனால் பி53 போய் உட்காருவது பி21 ஜீனின் டிஎன்ஏவில். இவற்றின் உறவுக்கு அடிப்படை அதுதான், இரண்டு புரதங்கள் ஒட்டுவது அல்ல. எம்டிஎம்2 கதை வேறு. அது பி53ஐ உண்மையிலேயே பிடிக்கிறது. ஒரு கருவி இந்த இரண்டு உறவுக்கும் ஒரே மாதிரி உயர்ந்த மதிப்பெண் கொடுக்கலாம். எந்தக் கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரியாவிட்டால், பின்னால் வரும் எண்கள் எல்லாம் வீண்.

பெயரை விட்டு அடையாள எண்ணைப் பிடியுங்கள்

புரதங்களின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் யூனிப்ராட் தளத்துக்குப் போய் மனித பி53ஐத் தேடுங்கள். அதன் எண் பி04637. 393 அமினோ அமிலங்கள், அதாவது புரதம் என்ற சங்கிலியின் கண்ணிகள்; ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தால் குறிப்பார்கள், அந்த எழுத்துகளின் ஒழுங்குதான் புரதத்தின் வரிசை. மனித எம்டிஎம்2இன் எண் கியூ00987; 491 அமினோ அமிலங்கள். இனிமேல் எங்கே போனாலும் இந்த எண்களோடுதான் போக வேண்டும். புரதப் பெயர்கள் நம்ப முடியாதவை: எம்டிஎம்2 முதலில் எலிச் செல்களில் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் பழைய கட்டுரைகளில் மனிதப் புரதத்தை எச்டிஎம்2 என்று எழுதியிருப்பார்கள். எலியின் வரிசையை மனிதனுடையது என்று நினைத்து எடுத்துக்கொண்டால் எங்கும் பிழைச் செய்தி வராது. பதில் மட்டும் லேசாகத் தப்பாக வரும்.

அதே பக்கத்தில் ஒரே ஜீனிலிருந்து வரும் மாற்று வடிவங்களின் பட்டியலும் இருக்கும். முதன்மை வடிவம் என்று குறித்திருப்பதை எடுங்கள். கூடவே புரதத்தின் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்ற வரைபடத்தையும் பார்த்து, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உருவத்தைக் கணிக்கும் கோலாப்ஃபோல்ட் என்ற நிரலுக்குப் பின்னால் போகும்போது அவை தேவைப்படும்.

ஏற்கெனவே தெரிந்ததைத் தேடுங்கள்

கணிப்பதற்கு முன், யாராவது அளந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இன்ட்ஆக்ட், பயோகிரிட் இரண்டும் சோதனையில் கிடைத்த இடைவினைகளைக் கட்டுரை கட்டுரையாகச் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளங்கள். தேடினால் பி53க்குப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலில் எத்தனை வரி என்று எண்ண வேண்டாம். எந்த முறையில் கண்டார்கள் என்ற பத்தியைப் படியுங்கள்.

ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் என்று இருந்தால், இரண்டு புரதங்களையும் ஈஸ்ட் செல்லின் உட்கருவுக்குள் வைத்து ஒட்டுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் 1989இல் வெளியிட்ட முறை இது. பொதுவாக நேரடித் தொடுகையைக் காட்டும். ஆனால் இயல்பில் சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டையும் அங்கே சந்திக்க வைத்துவிடும். ஒரு புரதத்தைத் தூண்டில் போட்டு இழுத்து, கூட வந்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (நிறையை வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் கருவி) பார்த்தது என்றால், வந்தவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்றுதான் அர்த்தம். தூண்டிலை நேரடியாகப் பிடித்தவர் யார், பிடித்தவரின் தோளைப் பிடித்தவர் யார் என்று அதில் தெரியாது. படிகக் கட்டமைப்பு என்று இருந்தால் வாதமே இல்லை.

அப்புறம் ஸ்ட்ரிங் தளம். எல்லோரும் முதலில் போகும் இடம், அதிகம் தவறாகப் படிக்கப்படும் இடமும் அதுதான். ஒரு புரதத்தைக் கொடுத்தால் கோடுகளால் இணைந்த வலை ஒன்று வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண், 0.4 நடுத்தரம், 0.7 உயர்வு, 0.9 மிக உயர்வு. இது ஒட்டும் வலிமை இல்லை, ஒட்டுவதற்கான நிகழ்தகவும் இல்லை. "இந்த இரண்டுக்கும் ஏதோ ஒரு செயல் தொடர்பு உண்டு" என்பதில் எவ்வளவு நம்பிக்கை என்று மட்டும் சொல்கிறது. பல வழிச் சான்றுகளைக் கலந்து வந்த எண் அது: சோதனைகள், பிற தரவுத்தளங்கள், சேர்ந்தே வெளிப்படும் ஜீன்கள், கட்டுரைகளில் இரண்டு பெயர்களும் சேர்ந்து வருவது, இன்னும் சில.

எனவே இரண்டு காரியம் செய்யுங்கள். அமைப்புப் பகுதியில் வலையின் வகையை 'உடல்சார்' வலைக்கு மாற்றுங்கள். ஒரே புரதக் கூட்டத்தில் சேர்ந்திருப்பவை மட்டும் நிற்கும். பிறகு உங்களுக்கு வேண்டிய கோட்டின் மேல் கிளிக் செய்து, மதிப்பெண் எந்த வழியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். கட்டுரைத் தேடலிலிருந்து மட்டும் வந்திருந்தால் என் கணக்கில் அது ஒரு வதந்தி, அவ்வளவுதான். பி53 போல 1979 முதல் ஆராயப்படும் புரதங்களுக்கு இந்த வதந்தி ஏராளம். அதிகம் படிக்கப்பட்ட புரதத்துக்கு அதிக நண்பர்கள் இருப்பதுபோல் தெரியும். யாரும் சீண்டாத புரதம் அநாதையாகத் தெரியும். இந்தச் சாய்வு எல்லாத் தரவுத்தளத்திலும் உண்டு, அவற்றில் பயிற்சி பெற்ற எல்லா நிரல்களுக்குள்ளும் உண்டு.

பாக்டீரியா என்றால் ஒரு குறுக்குவழி

உங்கள் புரதங்கள் பாக்டீரியாவுடையவை என்றால் மரபணு வரிசையே நிறையச் சொல்லும். ஈ.கோலையில் டிரிப்டோஃபான் தயாரிக்கும் கடைசி நொதிக்கு இரண்டு பாகங்கள். இரண்டின் ஜீன்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஈஸ்ட்டில் அதே வேலையைச் செய்வது ஒரே நீண்ட புரதம். ஓர் உயிரினத்தில் தனித்தனியாக இருப்பவை இன்னொன்றில் ஒட்டிப் பிறந்திருந்தால், தனித்தனியாக இருக்கும் இடத்திலும் அவை சேர்ந்து இயங்கலாம் என்ற யோசனை 1999இல் வந்தது. ஸ்ட்ரிங்கில் 'இணைவு', 'அண்மை' என்ற வழிகளில் வருவது இத்தகைய சான்றுகள். மனிதப் புரதங்களுக்கு இவை அவ்வளவாக உதவுவதில்லை என்பதால் மேலே போகலாம்.

வரிசையை மட்டும் வாங்கி "ஆம், இல்லை" சொல்லும் நிரல்கள்

இரண்டு புரத வரிசைகளைக் கொடுத்தால் போதும், ஒட்டுமா ஒட்டாதா என்று 95 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகச் சொல்கிறேன் என்று மார்தட்டும் ஆழ்கற்றல் நிரல்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. நம்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பயிற்சியில் பார்த்த புரதங்களையே சோதனையிலும் வைத்தார்களா?

2012இலேயே பார்க், மார்கோட் இருவரும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். சோதனை ஜோடியில் இரண்டு புரதங்களும் பயிற்சியில் வந்திருந்தால் துல்லியம் உயரும். ஒன்று மட்டும் வந்திருந்தால் குறையும். இரண்டுமே புதிது என்றால் இன்னும் குறையும். 2024இல் பெர்னெட், புளூமென்டால், லிஸ்ட் மூவரும் பெயர்பெற்ற பல நிரல்களை எடுத்து, பயிற்சிக்கும் சோதனைக்கும் இடையே எந்தக் கசிவும் இல்லாதபடி தரவைப் பிரித்துச் சோதித்தார்கள். பெருமை பேசிய எண்கள் காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமமான நிலைக்கு இறங்கிவிட்டன. நிரல்கள் கற்றுக்கொண்டது ஒட்டும் விதியை அல்ல. "இந்தப் புரதத்துக்கு நண்பர்கள் அதிகம்" என்பதைத்தான்.

இவை எல்லாமே உதவாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் ஜோடிக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள். உருவத்தைக் கணிக்கும் வழி மெதுவானது. ஆனால் பதிலைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம்.

உருவத்தைக் கணித்தல்: கோலாப்ஃபோல்ட்

வரிசையிலிருந்து புரதத்தின் உருவத்தைக் கணிக்கும், டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்ட்2 நிரல் 2021 ஜூலையில் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களைச் சேர்த்துக் கணிக்கப் பழக்கிய மல்டிமர் பதிப்பு வந்தது. அதை, பிரவுசரிலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாப் வழியாக, இலவச ஜிபியுவில் (வேகமாகக் கணக்குப் போடும் சிப்) ஓட்டும்படி எளிமையாக்கியதுதான் கோலாப்ஃபோல்ட். ஒத்த வரிசைகளைத் தேடும் நீண்ட வேலையை அது எம்எம்சீக்ஸ்2 என்ற வேகமான தேடலுக்கு விட்டுவிடுவதால், மணிக்கணக்கு நிமிடக் கணக்கானது. 2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்ட்3 வந்தது. அதை ஆல்ஃபாஃபோல்ட் சர்வர் என்ற தளத்தில் வணிகமல்லாத வேலைக்கு இலவசமாகப் பயன்படுத்தலாம், ஒரு நாளைக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. இரண்டையும் பழகுங்கள். நான் கோலாப்ஃபோல்டில் தொடங்கச் சொல்வது, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது கொஞ்சம் காட்டும் என்பதால்.

முழுப் புரதங்களையும் அப்படியே கொடுக்கலாமா? கொடுக்கலாம், 884 அமினோ அமிலங்கள் ஆகும். ஆனால் பி53இன் முன்பகுதிக்குத் தனியாக நிலையான உருவமே கிடையாது. அவிழ்ந்த நூல்போல அலைந்துகொண்டிருக்கும், எம்டிஎம்2ஐச் சந்திக்கும்போதுதான் சுருண்டு உருவம் பெறும். இப்படிப்பட்ட பகுதிகளை நீண்ட புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தால், ஒட்டும் சிறு துண்டு மற்ற இரைச்சலில் அமுங்கிப்போக வாய்ப்பு அதிகம். எனவே வெட்டிக் கொடுங்கள்.

எம்டிஎம்2இலிருந்து 17 முதல் 125 வரை. பி53இலிருந்து 15 முதல் 29 வரை. 1996இல் படிகமாக்கியதும் இதே துண்டுகளைத்தான். யூனிப்ராட் வரிசை பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணிட்டிருக்கும், எண்ணி எடுக்கலாம். இரண்டு துண்டுகளுமே எஸ், கியூ என்ற எழுத்துகளில் தொடங்குகின்றன, மாற்றிப் பிடித்துவிடாதீர்கள். 15 எழுத்து இருப்பதுதான் பி53. கோலாப்ஃபோல்டின் முதல் பெட்டியில் ஒரு வரிசையை ஒட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அடுத்த வரிசையை ஒட்டுங்கள். அந்த முக்காற்புள்ளிதான் இவை இரண்டு தனிச் சங்கிலிகள் என்று நிரலுக்குச் சொல்வது. அதை மறந்தால் ஒரே புரதமாக நினைத்துக்கொண்டு ஓடும், ஒரு பிழையும் சொல்லாது.

மற்ற அமைப்புகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். வார்ப்புரு (ஏற்கெனவே தெரிந்த கட்டமைப்பை முன்மாதிரியாகக் கொடுப்பது) பயன்படுத்தாதே என்ற நிலையிலேயே இருக்கட்டும். எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக ஓட்டும் கட்டளையைக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். இவ்வளவு சிறிய ஜோடிக்குச் சில நிமிடங்கள் போதும். பிரவுசர் தாவலை மட்டும் மூடிவிடாதீர்கள். முடிவில் ஒரு ஜிப் கோப்பு இறங்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். கோலாப் தன் பக்கத்தில் எதையும் உங்களுக்காக வைத்திருக்காது.

எண்களைப் படிப்பது

ஐந்து மாதிரிகள் வரும், தர வரிசைப்படி. ஒவ்வொன்றோடும் மூன்று வகை எண்கள்.

பிஎல்டிடிடி என்பது ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் தனித்தனியாக 0 முதல் 100 வரை தரும் நம்பிக்கை. 90க்கு மேல் மிக நன்று, 70க்கு மேல் பரவாயில்லை, 50க்குக் கீழே என்றால் அந்தப் பகுதியின் உருவத்தைப் பார்க்கவே வேண்டாம். இது அந்தந்த இடத்தின் உருவத்தைப் பற்றியது. இரண்டு சங்கிலிகளும் தனித்தனியாக 95 வாங்கியிருக்கலாம். அவை ஒட்டும் விதம் முழுக் கற்பனையாகவும் இருக்கலாம். புதியவர்கள் வழுக்கி விழும் முதல் இடம் இது: படம் முழுக்க உயர்ந்த பிஎல்டிடிடியைக் காட்டும் நீல நிறமாக இருப்பதைப் பார்த்து மயங்கிவிடுவார்கள்.

ஒட்டுதலுக்குப் பார்க்க வேண்டியது ஐபிடிஎம். 0 முதல் 1 வரை. 0.8க்கு மேல் என்றால் நம்பிக்கையான கணிப்பு, 0.6க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தோல்வி, நடுவில் இருப்பது சந்தேக வலயம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவுகோல். ஆனால் இந்த எண் கொடுத்த வரிசை முழுவதையும் கணக்கில் எடுக்கும். உருவமில்லாத நீண்ட வாலைச் சேர்த்துக் கொடுத்தால், ஒட்டும் இடம் அப்படியே இருக்க, ஐபிடிஎம் இறங்கிவிடும். 2025இல் ரோலண்ட் டன்பிராக் இதைச் சரிசெய்ய ஐபிஎஸ்ஏஇ என்ற மாற்று அளவை முன்வைத்தார். உங்கள் சொந்த ஜோடியில் எங்கே வெட்டுவது என்று தெரியாதபோது, வெவ்வேறு இடங்களில் வெட்டி ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவது எளிய வழி.

மூன்றாவது பிஏஇ படம், சதுரக் கட்டம். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஒரே எண்ணாகச் சுருக்காமல் எங்கே நம்பலாம் என்று காட்டுகிறது. ஓர் அமினோ அமிலத்தின் இடத்தை வைத்து இன்னொன்றின் இடத்தைச் சொன்னால் எத்தனை ஆங்ஸ்ட்ராம் (அணுக்களுக்கிடையே தூரம் அளக்கும் மிகச் சிறிய அலகு) தவறலாம் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும். கோலாப்ஃபோல்டில் நீலம் என்றால் பிழை குறைவு, சிவப்பு என்றால் அதிகம். மூலைவிட்டத்தில் இருக்கும் கட்டங்கள் சங்கிலிகளின் உள் விஷயம். மேல் வலது, கீழ் இடது கட்டங்கள்தான் ஒரு சங்கிலிக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான விஷயம். அங்கே நீலம் இருந்தால், நிரல் ஒட்டும் இடத்தைப் பற்றி உறுதியாகப் பேசுகிறது. உள்கட்டங்கள் நீலம், வெளிக்கட்டங்கள் சிவப்பு என்றால், "இரண்டையும் எனக்குத் தெரியும், ஆனால் எப்படிச் சேரும் என்று தெரியாது" என்கிறது.

ஐந்து மாதிரிகளும் ஒரே இடத்தில் ஒட்டுகின்றனவா என்றும் பாருங்கள். ஆளுக்கொரு பக்கம் ஒட்டினால், முதலிடத்தில் வந்த மாதிரியின் மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணால் பாருங்கள்

கைமெராஎக்ஸ் என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். முதலில் வந்த மாதிரியைத் திறங்கள். பிறகு 1996இன் படிகக் கட்டமைப்பைத் திறங்கள். சோதனையில் கண்ட புரதக் கட்டமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிடிபி களஞ்சியத்தில் அதன் எண் 1ஒய்சிஆர். மேட்ச்மேக்கர் கட்டளை எம்டிஎம்2 சங்கிலிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும். இப்போது பி53 துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள்.

எம்டிஎம்2இல் ஆழமான ஒரு பள்ளம் தெரியும், நீரை விலக்கும் அமினோ அமிலங்களால் ஆனது. பி53 துண்டு ஆல்ஃபா சுருளாக அந்தப் பள்ளத்தின் மேல் படுத்திருக்கும். சுருளிலிருந்து மூன்று பக்கச் சங்கிலிகள் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும்: 19ஆம் இடத்து ஃபீனைல்அலனின், 23ஆம் இடத்து டிரிப்டோஃபான், 26ஆம் இடத்து லூசின். இந்த மூன்றும்தான் பிடியின் உயிர். 2004இல் ரோஷ் நிறுவன ஆய்வாளர்கள் நட்லின் என்ற சிறு மூலக்கூறுகளை வெளியிட்டார்கள். இந்த மூன்று பக்கச் சங்கிலிகளின் இடத்தில் தன்னை நுழைத்து, எம்டிஎம்2இன் பிடியிலிருந்து பி53ஐ விடுவிப்பது அது. நியூஜெர்சியில் அவர்கள் ஆய்வுக்கூடம் இருந்த நட்லி ஊரின் பெயரையே மருந்துக்கு வைத்துவிட்டார்கள்.

உங்கள் சொந்த ஜோடியில் இப்படி ஒப்பிட ஒரு படிகம் இருக்காது. அப்போது ஒட்டும் பரப்பை நீங்களே விசாரிக்க வேண்டும். நீரை விலக்குபவை நீரை விலக்குபவற்றோடு சேர்ந்திருக்கின்றனவா? எதிரெதிர் மின்சுமைகள் எதிரெதிரே இருக்கின்றனவா? ஒட்டும் இடத்தில் இருக்கும் அமினோ அமிலங்கள் எலி, கோழி, மீன் வரை மாறாமல் வந்திருக்கின்றனவா? புரதத்தின் ஒரு பகுதி மற்றதன் வயிற்றுக்குள் ஊடுருவிப் போவதுபோல் தெரிந்தால் மாதிரியைத் தூக்கிப் போடுங்கள்.

சரி, மாதிரி படிகத்தோடு பொருந்திவிட்டது என்று வையுங்கள். இன்னும் மகிழ வேண்டாம். மல்டிமர் பதிப்பு 3, ஆல்ஃபாஃபோல்ட்3 இரண்டுமே 2021 செப்டம்பர் 30 வரை பிடிபியில் வந்த கட்டமைப்புகளில் பயிற்சி பெற்றவை. 1ஒய்சிஆர் அதற்குக் கால் நூற்றாண்டு முந்தையது. நிரல் விடைத்தாளைப் பார்த்துவிட்டுத்தான் தேர்வு எழுதியிருக்கிறது. வரிசையைச் சரியாக வெட்டினீர்களா, படத்தைச் சரியாகப் படித்தீர்களா என்பதை மட்டுமே இந்த வெற்றி காட்டும்.

ஒட்டாததை ஓட்டிப் பாருங்கள்

செய்முறையில் அதிகம் தாண்டிப் போகப்படும் படி இதுதான். என்னைக் கேட்டால், இதைச் செய்யாத கணிப்பை யாரிடமும் காட்டக் கூடாது.

மூன்று ஓட்டங்கள் போடுங்கள். முதலாவது, பி53 துண்டின் 15 எழுத்துகளையும் கலைத்துப் போட்ட வரிசை. எழுத்துகள் அவையே, ஒழுங்கு மட்டும் இல்லை.

இரண்டாவது, குளுக்ககான். கணையத்திலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன், 29 அமினோ அமிலங்கள். உட்கருவில் பி53ஐத் தேடித் திரியும் எம்டிஎம்2வோடு இதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் இதுவும் சுருளாகக்கூடியது, இதன் பின்பகுதியிலும் ஃபீனைல்அலனின், டிரிப்டோஃபான், லூசின் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எளிதாக ஏமாற்றக்கூடிய எதிரியாகப் பார்த்துத்தான் தேர்ந்தேன். எம்டிஎம்2இன் அந்தப் பள்ளம் நீரை விலக்கும் சுருள் எதையும் வரவேற்கும் போக்குள்ளதா என்று இது சொல்லும். இதற்கு வரும் எண்ணை உங்கள் இரைச்சல் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணிப்பு அதைவிடத் தெளிவாக மேலே இருக்க வேண்டும்.

மூன்றாவது ஓட்டம்தான் கண்ணைத் திறக்கும். பி53இன் 22ஆம் இடத்து லூசினை குளுட்டமினாகவும், 23ஆம் இடத்து டிரிப்டோஃபானை செரினாகவும் மாற்றுங்கள். இப்படி மாற்றினால் பி53 எம்டிஎம்2ஐப் பிடிப்பதில்லை என்று 1994இலேயே அர்னால்ட் லெவினின் குழு சோதனையில் காட்டிவிட்டது. நிரலின் மதிப்பெண் சரிகிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு எழுத்து மாற்றத்தின் விளைவை அளவிடுவதில் இந்த நிரல்கள் பலவீனமானவை. ஒட்டாது என்று தெரிந்த வடிவத்தையும் அதே பள்ளத்தில் பவ்வியமாகப் படுக்க வைப்பது அவற்றுக்குப் பழக்கம். ஒரு நோயாளியிடம் கண்ட எழுத்து மாற்றம் இடைவினையைக் கெடுக்குமா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஐபிடிஎம்மை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதற்கு மாற்றங்களால் ஒட்டும் வலிமை எவ்வளவு மாறியது என்று அளந்த தரவுகளில் பயிற்சி பெற்ற தனிக் கருவிகள் உண்டு. ஸ்கெம்பி, சென்னை ஐஐடியில் மைக்கேல் குரோமிஹாவின் குழு உருவாக்கிய புராக்சிமேட் ஆகியவை அப்படிப்பட்ட அளவீடுகளைத் திரட்டிய தரவுத்தளங்கள்.

இரண்டு உருவங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் டாக்கிங் நிரல்கள் பற்றியும் பலர் கேட்பார்கள். ஹேடாக், கிளஸ்புரோ போன்றவை, ஒட்டும் என்று ஏற்கெனவே தெரிந்த இரண்டு எப்படி ஒட்டும் என்று காட்ட நல்லவை. ஒட்டுமா என்று கேட்டால் உதவாது, எந்த இரண்டைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு விதத்தில் ஒட்டித்தான் காட்டும்.

செல்லுக்குள் சந்திப்பார்களா?

மேலே செய்தது எல்லாம் வெற்றிடத்தில் இரண்டு மூலக்கூறுகள். செல்லில் அவை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஸ்வீடனிலிருந்து நடத்தப்படும் மனிதப் புரத அட்லஸ் தளத்தில் ஒவ்வொரு புரதமும் செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது, எந்தத் திசுவில் வெளிப்படுகிறது என்று பார்க்கலாம். ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்குள், மற்றது செல்லுக்கு வெளியே என்றால் ஐபிடிஎம் 0.9 வந்தாலும் சந்தேகப்படுங்கள். உடனே நிராகரிக்கவும் வேண்டாம், இடம் மாறும் புரதங்கள் நிறைய.

அடுத்து, வேதி மாற்றங்கள். பி53இன் 18ஆம் இடத்துத் திரியோனினில் பாஸ்பேட் ஏறினால் எம்டிஎம்2இன் பிடி தளரும். டிஎன்ஏ சேதமாகும்போது பி53 தப்பிப்பதற்கு இது ஒரு வழி. யூனிப்ராட் தரும் வரிசையில் இந்த பாஸ்பேட் கிடையாது. ஆல்ஃபாஃபோல்ட் சர்வரில் அதைச் சேர்த்துக் கொடுக்க முடியும். ஆனால் பிடி எவ்வளவு தளரும் என்பதை அது எண்ணாகச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஒட்டும் பரப்பில் இப்படி மாறக்கூடிய இடம் இருக்கிறதா என்று யூனிப்ராட் பக்கத்தில் பார்த்துக் குறித்தால் போதும்.

நூறு, ஆயிரம் ஜோடிகள் என்று போகும்போது

ஒரு ஜோடி கைவந்ததும் ஆசை வரும். ஒரு புரதத்தை 20,000 புரதங்களோடும் ஓட்டிப் பார்க்கலாமே? அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 20 கோடி ஜோடிகளில் உண்மையில் ஒட்டுபவை 2 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் முறை ஒட்டாதவற்றில் 99 சதவீதத்தைச் சரியாக விலக்குகிறது, உண்மையான 2 லட்சத்தில் ஒன்றையும் தவற விடுவதில்லை என்றே வையுங்கள். மீதி ஒரு சதவீதத் தவறு மட்டும் 20 லட்சம். நீங்கள் "ஒட்டும்" என்று சொன்ன பதினொரு ஜோடிகளில் ஒன்றுதான் உண்மை. இத்தனைக்கும் 99 சதவீதம் என்பது தாராளமான அனுமானம்.

பெரிய அளவில் செய்தவர்கள் இதனால்தான் சல்லடைமேல் சல்லடை வைத்தார்கள். 2021இல் டேவிட் பேக்கரின் குழுவும் மற்றவர்களும் ஈஸ்ட்டில் 83 லட்சம் ஜோடிகளை எடுத்து, ரோஸ்டாஃபோல்ட் என்ற இன்னொரு உருவக் கணிப்பு நிரலில் வேகமாக ஒரு முறை வடித்து, மிஞ்சியதை ஆல்ஃபாஃபோல்டில் ஓட்டினார்கள். கடைசியில் நம்பத்தகுந்தவை என்று முன்வைத்தது 1,505 ஜோடிகள். அவர்கள் எவ்வளவு கழித்துக் கட்டினார்கள் என்று பாருங்கள். உங்களுக்கும் அதுவே வழி: முதலில் ஒரே இடத்தில் இருப்பவை, ஒரே திசுவில் வெளிப்படுபவை, ஏதாவது ஒரு சோதனையில் தலை காட்டியவை என்று ஐம்பதுக்குள் குறையுங்கள், அதற்குப் பிறகு உருவக் கணிப்புக்குப் போங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் தெரிந்த ஜோடி இரண்டையும் ஒட்டாத ஜோடி பத்தையும் கலந்துவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்து நண்பரிடம் கொடுக்கும்போது

வண்ணப் படத்தை அனுப்பிவிட்டு "ஒட்டுதுங்க" என்று சொன்னால் அவர் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு வேண்டியவை வேறு: யூனிப்ராட் எண்கள், எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை வெட்டினீர்கள், எந்த நிரலின் எந்தப் பதிப்பு, கட்டுப்பாட்டு ஓட்டங்களின் (ஒட்டாததை ஓட்டிப் பார்த்தவை) எண்கள், கடைசியாக எந்த இரண்டு மூன்று இடங்களை மாற்றினால் பிடி விட வேண்டும் என்ற உங்கள் ஊகம். இந்தக் கடைசி வரிதான் அவருக்குச் சோதனையாக மாறுவது. பி53 ஜோடியாக இருந்தால் 19, 23, 26 என்று எழுதியிருப்பீர்கள்.

ஒட்டும் துண்டு இவ்வளவு சிறியது என்றால் அதைப் பெப்டைடாகவே, அதாவது தனிச் சிறு அமினோ அமிலச் சங்கிலியாகவே, செய்து வாங்கிவிடலாம். ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்து ஃபுளோரசன்ஸ் போலரைசேஷன் முறையில் பிடியின் வலிமையை அளக்கலாம். மாற்றிய பெப்டைடையும் கூடவே வாங்கச் சொல்லுங்கள். இரண்டு பெரிய மடிந்த பகுதிகள் ஒட்டும் கணிப்பு என்றால் இந்த வழி செல்லாது. செல்லிலிருந்து ஒன்றை இழுத்து மற்றது வருகிறதா என்று பார்க்கும் கோ-ஐபியில்தான் அவர் தொடங்குவார், அதற்கு நல்ல ஆன்டிபாடி கிடைக்கிறதா என்பதை அவரிடமே கேட்டுக்கொண்டு உங்கள் பட்டியலின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.